இலவச கம்ப்யூட்டர் சர்வீஸ்! வியாபாரி தலையில் மிளகாய்!

காலையில் கடைக்காரர் ஷட்டரைத் தூக்குகிறார். உள்ளே ஒரு துண்டு நோட்டீஸ் கிடக்கிறது. ரோஸ் கலர் தாள். கொட்டை எழுத்து.

"சிறு வியாபாரிகளுக்கு நற்செய்தி! கம்ப்யூட்டர் சர்வீஸ் இலவசம்! ஜி.எஸ்.டி. பில் சாப்ட்வேர் இலவசம்! வெப்சைட் இலவசம்! இன்றே போன் செய்யுங்கள்!"

செங்கல்பட்டு பஜார் ஆனாலும் சரி, திருக்கழுக்குன்றம் ஆனாலும் சரி, மாமல்லபுரம் ஆனாலும் சரி, இந்த நோட்டீஸ் யாருக்கும் புதிது அல்ல. நோட்டீஸாக வராவிட்டால் வாட்ஸ்அப்பில் வரும். அதிலும் வராவிட்டால் டை கட்டிய ஒரு தம்பி நேரிலேயே வருவார்.

குப்பையோடு கூட்டித் தள்ளிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கலாம் அல்லவா? அதுதான் முடியவில்லை. ஏன் என்றால், கடைக்காரருக்கு உதவி தேவைப்படுகிறது. நிஜமாகவே தேவைப்படுகிறது.

ஒரு காலத்தில் ஒரு பேரேடு, ஒரு பேனா, சாயங்காலம் வந்து கூட்டிப் பார்க்க ஒரு கணக்குப்பிள்ளை. அதோடு தீர்ந்தது. 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. கணக்கு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. பொருள் விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு செய்தே ஆகவேண்டும். பதிவு செய்தால் கணக்கு காட்டியே ஆகவேண்டும். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் அதற்காக சர்க்கார் கெடு தேதியைத் தள்ளி வைக்குமா?

கடற்கரைப் பக்கம் இன்னொரு கதை. மாமல்லபுரத்தில் கல் செதுக்குகிறவர்கள் சிலையைப் போட்டோ பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் ஆர்டர் பிடிக்கிறார்கள். வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறவருக்கு போனில்தான் புக்கிங். கோவளத்தில் அலைச்சறுக்கு கற்றுத் தருகிறவருக்கும் அதே போன்தான் ஆபீஸ். போன் முடங்கினால் பிழைப்பு முடங்கும்.

இப்படித் தவிக்கிறவரிடம் வந்து "ஒரு பைசா வேணாம்" என்றால், அவர் சேர் எடுத்துப் போட்டு காபி வாங்கிக் கொடுக்கத்தானே செய்வார்!

பெட்டியின் சாவி யாரிடம்?

"அண்ணாச்சி, ஒரு ரூபா வேணாம். நானே எல்லாத்தையும் போட்டுத் தர்றேன்."

"அப்புறம் ரிப்பேர் ஆச்சுன்னா?"

"ஒரு போன் போடுங்க அண்ணாச்சி. ஓடி வந்துருவேன்!"

ஓடி வருகிறார். முதல் மாதம் வருகிறார். இரண்டாம் மாதமும் வருகிறார். கடையில் இருக்கிற ஆயிரம் சரக்கின் பேர், கொள்முதல் விலை, விற்பனை விலை, கடன் வாடிக்கையாளர் பாக்கி எல்லாம் அந்த சாப்ட்வேருக்குள் ஏறி முடிகிறது. கடைப் பையன்கள் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து ஏற்றுகிறார்கள். பழைய பேரேட்டைப் பரணில் போட்டாகிவிட்டது.

பிறகு ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் திரையில் ஒரு கட்டம். "உங்கள் இலவசக் காலம் முடிந்தது. தொடர்ந்து பயன்படுத்த பணம் கட்டவும்."

தம்பிக்கு போன் போட்டால், அவர் வேலை மாறிப் போய்விட்டார்.

இதை மோசடி என்று போலீசில் சொல்ல முடியாது. முதல் நாளே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கடைக்காரர் "சம்மதம்" என்ற பட்டனை அமுக்கியிருப்பார். பணம் கட்டித் தொடரலாம். தொகையும் சில சமயம் நியாயமாகத்தான் இருக்கும். பிரச்சினை பணம் அல்ல. கணக்கு அவருடையது, சாவி இன்னொருவர் கையில்!

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒரு வருஷத்துக் கணக்கை, அந்த வருஷத்தின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி தேதியில் இருந்து 72 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதாவது 6 வருஷம். நாலு வருஷம் கழித்து அதிகாரி வந்து பழைய பில்லைக் கேட்டால், "அந்த இலவச சாப்ட்வேர்க்காரன் கடையை மூடிட்டான் சார்" என்று சொன்னால் விடுவாரா?

அதனால் எந்த இலவசத்தையும் வாங்குவதற்கு முன்னால் கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "என் கணக்கை எப்ப வேணும்னாலும் எக்செல் பைலா எடுத்து, என் பென்டிரைவ்ல போட்டுக்க முடியுமா?" முடியும் என்றால் அப்போதே, கண் முன்னாலேயே, எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். "அது அப்புறம் பாத்துக்கலாம் அண்ணாச்சி" என்றால் காபியோடு அனுப்பிவிடலாம்.

கூகுள் கொடுத்த இலவசம்

"சின்னக் கம்பெனிதான் அப்படி. பெரிய கம்பெனி கொடுத்தால் பயம் இல்லை" என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு நிஜக் கதை.

2011 நவம்பரில் கூகுள் கம்பெனி இந்தியாவில் ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கியது. சிறு வியாபாரிகளுக்கு இலவச வெப்சைட். 5 லட்சம் வியாபாரிகளை இணையத்தில் ஏற்றுவது இலக்கு. ".இன்" என்று முடியும் விலாசமும் முதல் வருஷம் சும்மா. அடுத்த வருஷத்தில் இருந்து விலாசத்துக்குப் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு 2017-ல் இன்னொரு இலவசம். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்து வைத்தவர்களுக்கு, போனிலேயே பத்து நிமிஷத்தில் ஒரு வெப்சைட் செய்துகொள்ளும் வசதி. வருஷக் கட்டணம் கிடையாது. கடைப் பெயருக்குப் பின்னால் "பிசினஸ்.சைட்" என்று முடியும் விலாசம். நல்ல வசதிதான். போட்டோ ஏற்றலாம், போன் நம்பர் போடலாம், கடை நேரம் போடலாம். ஒரு சிற்பக்கூடத்துக்கோ தங்கும் விடுதிக்கோ அது போதும்.

2024 மார்ச்சில் கூகுள் அதை நிறுத்தியது. அந்த விலாசத்தைத் தேடி வந்தவர்களை ஜூன் 10-ந் தேதி வரை கடையின் வரைபடப் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு விலாசம் செத்துப் போனது. உலகம் பூராவும் இதே கதி.

கூகுள் ஏமாற்றியது என்று யாரும் சொல்ல முடியாது. முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்தது. வரைபடத்தில் கடையின் பேரும் நம்பரும் அப்படியே இருந்தன. ஆனால் கையில் உளி பிடித்திருக்கிறவர், இங்கிலீஷில் வந்த ஈமெயிலை எந்த நேரத்தில் படிப்பார்? அந்த விலாசத்தை விசிட்டிங் கார்டில் அடித்து, பலகையில் எழுதி, சிலை வாங்கிப்போன வெள்ளைக்காரர்களிடம் கொடுத்து அனுப்பியவர் என்ன செய்வார்? அவர்கள் ஊருக்குப் போய் இரண்டு வருஷம் கழித்து இன்னொரு பிள்ளையார் வேண்டும் என்று தேடும்போது, "பக்கம் இல்லை" என்று வந்தால் கடையே இல்லை என்றுதானே நினைப்பார்கள்?

சொந்தப் பேரில் ஒரு விலாசத்தை வருஷா வருஷம் காசு கட்டி வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்த விலாசமும் சொந்தப் பேரில் பதிந்திருக்கிறதா, அமைத்துக் கொடுத்தவர் பேரில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. நிலப் பத்திரம் தரகர் பேரில் இருந்தால் ஒத்துக்கொள்வோமா?

போனில் வரும் டாக்டர்!

இது வரை சொன்னது நேர் வழியில் வருகிற இலவசம். குறுக்கு வழியில் வருவது வேறு ஜாதி.

போன் மணி அடிக்கிறது. "சார், உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு. நாங்க கம்பெனியில இருந்து பேசறோம். ப்ரீயா க்ளீன் பண்ணித் தர்றோம். ஒரு ஆப் மட்டும் டவுன்லோட் பண்ணுங்க."

ஆப்பைப் போட்டால் எண் ஒன்று வரும். அதை அவர் கேட்பார். சொன்னீர்களோ, தீர்ந்தது! அவர் உட்கார்ந்த இடத்தில் இருந்தே உங்கள் திரையைப் பார்க்கலாம், பட்டனை அமுக்கலாம். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே இதைப் பற்றி எச்சரித்தது. எனிடெஸ்க் என்ற ஆப்பின் பேரைச் சொல்லியே எச்சரித்தது. அந்த ஆப் தப்பானது அல்ல. உலகம் பூராவும் நாணயமான சர்வீஸ்காரர்கள் அதைத்தான் வைத்து வேலை செய்கிறார்கள். கத்தி டாக்டர் கையிலும் இருக்கிறது, திருடன் கையிலும் இருக்கிறது.

இந்தத் தொழிலில் நம் நாட்டு ஆட்கள் அமெரிக்காக்காரர்களையே மொட்டை அடித்திருக்கிறார்கள். மைக்ரோசாப்ட், அமேசான் கம்பெனிகளின் சர்வீஸ் ஆட்கள் போல நடித்து கால் சென்டர் நடத்திய கும்பல்கள் மேல் அந்தக் கம்பெனிகளே புகார் கொடுத்தன. 2023 அக்டோபரில் சி.பி.ஐ. "ஆபரேஷன் சக்ரா-2" என்ற பேரில் இதையும் வேறு இணைய மோசடிகளையும் சேர்த்து நாடு முழுக்க 76 இடங்களில் சோதனை போட்டது.

உண்மையான கம்பெனி எதுவும் தானாக போன் செய்து "உங்களுக்கு வைரஸ் இருக்கு" என்று சொல்லாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும். அரை மணி நேரம் தாமதித்தால் பணம் நாலு கணக்கு மாறிவிடும்.

பக்கத்துத் தெரு சர்வீஸ்காரர் செய்யும் ஒரு இலவசமும் இருக்கிறது. ரிப்பேருக்குக் காசு வாங்குவார். திருட்டு சாப்ட்வேரை இலவசமாகப் போட்டுக் கொடுப்பார். "எல்லா கடையிலயும் இதான் சார் ஓடுது" என்பார். காப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாளில் இருந்து 3 வருஷம் வரை ஜெயில், 50 ஆயிரத்தில் இருந்து 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் வருவது இருக்கட்டும், பாதுகாப்புப் பூட்டும் இல்லாமல் போகிறதே! 2017 மே மாதம் "வானாக்ரை" என்ற வைரஸ் கிளம்பி, சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. அதற்கு மாற்று மருந்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்னாலேயே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. மருந்தை ஏற்றிக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள்.

விண்டோஸ் 10 வைத்திருக்கும் கடைகளுக்கும் இப்போது அந்தக் கவலை உண்டு. அதற்கு வழக்கமாகக் கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்பை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடித்துக்கொண்டது.

நிஜ இலவசத்தை மறைக்கிறார்கள்!

வேடிக்கை என்னவென்றால், உண்மையிலேயே இலவசமாக இருப்பவை கடைக்காரர் காதுக்கு வருவதே இல்லை.

சிறு தொழில் பதிவு, உத்யம் என்கிறார்களே, அது 2020 ஜூலையில் இருந்து நடக்கிறது. சர்க்கார் வெப்சைட்டில் ஒரு காசு கிடையாது. ஆதாரும் பான் நம்பரும் போதும். ஆனால் சர்க்கார் வெப்சைட் மாதிரியே தோற்றம் போட்டு, "பதிவுக் கட்டணம்" என்று பணம் பிடுங்கும் இடங்கள் முளைத்தன. மத்திய அமைச்சகமே எச்சரிக்க வேண்டியதாயிற்று. காசுக்கு விற்பதை இலவசம் என்கிறார்கள். இலவசமாகக் கிடைப்பதைக் காசுக்கு விற்கிறார்கள்!

ஆண்டு விற்பனை 1½ கோடிக்குள் இருக்கும் வியாபாரிகளுக்கு இலவச பில், கணக்கு சாப்ட்வேர் கொடுக்க ஜி.எஸ்.டி. நெட்வொர்க் 2019-ல் எட்டு கம்பெனிகளோடு ஏற்பாடு செய்தது. பஜாரில் எத்தனை பேருக்கு அது தெரிந்தது? வைரஸைக் கண்டுபிடித்து நீக்கும் கருவிகளை இலவசமாகத் தர 2017 பிப்ரவரியில் "சைபர் ஸ்வச்தா கேந்திரா" என்று ஒன்றை மத்திய சர்க்கார் திறந்தது. பேரே வாயில் நுழையவில்லை. பிறகு எப்படி பாத்திரக்கடைக்குள் நுழையும்?

லினக்ஸ் என்ற சங்கதியும் இப்படித்தான். திருட்டும் இல்லை, காசும் இல்லை, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். சென்னை சி-டாக் தயாரித்த "பாஸ்" என்ற லினக்ஸ், 2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப்களிலேயே விண்டோஸோடு சேர்ந்து வந்தது. வீட்டுக்கு வந்த லேப்டாப்பில் அது என்ன என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தாம்பரம், காஞ்சிபுரம் வட்டாரத்தில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்று இளைஞர்கள் கூட்டம் நடத்தி, எந்த லாபமும் பார்க்காமல் இதைப் பரப்பியிருக்கிறார்கள். அந்த மாதிரி ஆட்களை வியாபாரிகள் சங்கம் கூப்பிட்டு உட்கார வைத்தால் குறைந்தா போகும்?

தண்ணீருக்குள் நின்று தாகமா?

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் பிறந்தது. பிறக்கும்போதே கம்ப்யூட்டர் கம்பெனிகளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பிறந்தது. சிறுசேரி சிப்காட் இங்கேதான் இருக்கிறது. மகேந்திரா சிட்டி இங்கேதான். காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலும் பழைய மாமல்லபுரம் ரோட்டிலும் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டுகின்றன. அமெரிக்க பாங்குகளின் கம்ப்யூட்டரை இங்கே உட்கார்ந்து சரி செய்கிறார்கள். அந்த கேட்டுக்கு வெளியே டீக்கடை வைத்திருக்கிறவருக்கு போனில் பில் ஆப் திறக்கவில்லை என்றால் கேட்க நாதி இல்லை!

மாடு படுத்துக்கொண்டால் அரசு கால்நடை டாக்டர் இருக்கிறார். பயிரில் பூச்சி விழுந்தால் வேளாண்மை அலுவலர் இருக்கிறார். அவர்கள் மருந்து விற்க வந்தவர்கள் அல்ல என்பதால்தான் விவசாயி நம்பிக் கேட்கிறார். கடைக்காரரின் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் எதையும் விற்காத ஆள் யார் இருக்கிறார்?

ஆள் இல்லாமல் இல்லை. மாவட்டத்தில் கல்லூரிகளுக்குப் பஞ்சமா? நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர் வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும் என்பது விதி. மரம் நடுகிறார்கள், கோயில் குளம் சுத்தம் செய்கிறார்கள். நல்லதுதான். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் அதில் ஒரு பங்கை பஜாரில் செலவழித்தால் என்ன? வாரம் ஒரு நாள், இ-சேவை மையத்தில் ஒரு மேஜை. செங்கல்பட்டில் ஒன்று, மாமல்லபுரத்தில் ஒன்று, சதுரங்கப்பட்டினத்தில் ஒன்று. கூட ஒரு ஆசிரியர். பாஸ்வேர்டைக் கேட்கக் கூடாது, பாங்க் கணக்கைத் தொடக் கூடாது, எந்தக் கம்பெனி சாப்ட்வேரையும் சிபாரிசு செய்யக் கூடாது. கணக்கை பென்டிரைவில் எடுத்து வைக்கச் சொல்லிக்கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு அந்த பென்டிரைவின் அருமை தெரியும்.

பணம்? பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும் என்று 2014 ஏப்ரலில் இருந்து சட்டமே இருக்கிறது. தொழில் திறன் பயிற்சியும் அந்தப் பட்டியலில் வருகிறது.

"அப்படி இலவசமா பண்ணா, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கிறவன் வாயில மண்ணா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த மேஜையில் ரிப்பேர் வேலை பார்க்கக் கூடாது. யோசனைதான் சொல்ல வேண்டும். பார்ட் மாற்ற வேண்டும், மதர்போர்டு போய்விட்டது என்றால் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும். சொல்லப்போனால், ஐந்நூறோ ஆயிரமோ வாங்கிக்கொண்டு பில் எழுதிக் கொடுக்கிற பக்கத்துத் தெரு மெக்கானிக், நோட்டீஸ் போட்ட இலவசக்காரரை விட எவ்வளவோ மேல். நாளைக்குச் சண்டை போடவாவது அவர் அதே தெருவில் இருப்பார்!

கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. பட்டா கேட்டு வருகிறார்கள், பென்ஷன் கேட்டு வருகிறார்கள், ரோடு கேட்டு வருகிறார்கள். செங்கல்பட்டு, மாமல்லபுரம் வியாபாரிகள் சங்கத்தார் ஒரு வாரம் அந்த வரிசையில் போய் நின்று, "வாரம் ஒரு நாள், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி" என்று மனு எழுதிக் கொடுக்கலாம். கையோடு அந்த ரோஸ் கலர் நோட்டீஸையும் எடுத்துப் போனால் கலெக்டருக்கு விளக்கிச் சொல்லும் வேலை மிச்சம்.